மினி டிராக்டருக்கு டிரெய்லர் வாங்கிய கதை: அச்சு, பிரேக், ஆர்.சி.

கன்னியாகுமரி மாவட்டம் குலசேகரம் பக்கம் எங்கள் தோட்டத்தில் ஏத்தன், மட்டி என்ற இரண்டு வாழை ரகங்களைப் போட்டிருக்கிறோம். குலை வெட்டும்போது பிக்கப் வண்டி மெயின் ரோட்டிலேயே நின்றுவிடும். உள்ளே இறங்கும் பாதை ஒடுக்கம், அதோடு நல்ல சரிவு. தலைச்சுமையாக ஏற்றிக் கொடுக்க ஆள் கிடைப்பதும் வரவரக் குறைந்துவிட்டது. வீட்டில் மினி டிராக்டர் இருந்ததால் அதற்கு இரண்டு சக்கர டிரெய்லர் ஒன்று வாங்கினேன். மேடு பள்ளமான இந்தப் பகுதியில் இதே யோசனையில் இருப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

பக்கத்துப் பட்டறையில் சொல்லிச் செய்தால் செலவு குறையும் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். வேலையும் அங்கே சுத்தமாக இருக்கும். ஆனால் சட்டப்படி டிரெய்லர் தனி வண்டி. டிராக்டருக்கு ஆர்.சி. (பதிவுச் சான்று) இருந்தால் மட்டும் போதாது, டிரெய்லருக்கும் தனி நம்பர் வேண்டும். பதிவுக்குப் படிவம் 20-இல் விண்ணப்பிக்கும்போது விற்பனைச் சான்றான படிவம் 21, சாலைத் தகுதிச் சான்றான படிவம் 22 இரண்டும் கேட்பார்கள். நான் விசாரித்த பட்டறையில் அவற்றைத் தர முடியாது என்று சொல்லிவிட்டார்கள். அதனால் பேப்பரோடு விற்கும் தயாரிப்பாளரிடம் போனேன்.

அங்கே நின்ற மாடல்களில் எல்லோரும் தகட்டின் கனத்தைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் பட்டறை அண்ணனையும் கூட்டிப் போயிருந்தேன். அவர் நேராகக் கீழே குனிந்து சக்கரங்களைத் தாங்கும் அச்சைப் பார்த்தார். "தம்பி, அச்சு பெட்டிக்கு நட்ட நடுவுல இருக்கக் கூடாது. கொஞ்சம் பின்னால தள்ளி இருக்கணும்" என்றார். காரணம் இதுதான்: மொத்த எடையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்காவது டிராக்டரோடு இணைக்கும் கொக்கியில் அமர வேண்டும். எடை பின்னால் சாய்ந்தால் கொக்கி மேலே தூக்கும், டிராக்டரின் பின்சக்கரம் பிடிமானம் இழந்து ஏற்றத்தில் வழுக்கும். முன்னால் அளவுக்கு மிஞ்சி ஏற்றி, கொக்கியையும் உயரத்தில் மாட்டினால் ஏற்றத்தில் டிராக்டரின் முன்சக்கரம் தரையை விட்டு எழும்பும், வண்டி பின்னால் கவிழவும் கூடும். கொக்கியைத் தாழ்வாக, டிராக்டரின் பின்னால் கீழே இருக்கும் இழுவைத் தண்டான டிராபாரில்தான் மாட்ட வேண்டும். இந்த ஒன்றில் மட்டும் யாரும் அலட்சியம் காட்ட வேண்டாம்.

அடுத்தது பிளேட் செட், அதாவது அதிர்வைத் தாங்கும் பட்டை ஸ்பிரிங். விலை குறைந்த சில டிரெய்லர்களில் அது இல்லாமல் அச்சை நேரே சேசிஸில் (அடிச்சட்டத்தில்) போல்ட் போட்டுவிடுகிறார்கள். மணல், சாணம் கொண்டுபோக அது சரி. வாழைக்குலைக்கு ஆகவே ஆகாது. ஒவ்வொரு குழியிலும் காய் உரசிக் கறுத்துவிடும், சந்தையில் விலை இறங்கும். அதே நேரம் 3 டன்னுக்கான பிளேட் செட்டைப் போட்டு ஒரு டன் ஏற்றினாலும் பெட்டி குதிக்கும். நாம் வழக்கமாக ஏற்றும் எடைக்குப் பொருந்துவதைக் கேட்டு வாங்குங்கள். அடியில் வாழைச்சருகை மெத்தையாகப் பரப்பி, ஒவ்வொரு அடுக்குக்கும் நடுவில் இன்னொரு பரப்பு போட்டால் குலை நன்றாகவே போய்ச் சேருகிறது. 2023-இல் மட்டிக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. அந்தப் பழத்தை நசுக்கிக் கொண்டுபோவதற்கு எனக்கு மனசு வரவில்லை.

பிரேக் விஷயத்தில் நான் கொஞ்சமும் விட்டுக்கொடுக்கவில்லை. பல டிரெய்லர்களில் பிரேக்கே கிடையாது. சமதரையில் ஓட்டுபவர்களுக்கு அது பெரிதாகத் தெரியாது. இங்கே இறக்கத்தில் பாரம் முழுவதும் டிராக்டரைப் பின்னாலிருந்து தள்ளும். வளைவாகவும் இருந்துவிட்டால் டிராக்டரின் பின்பாகம் பக்கவாட்டில் ஒதுங்கி, இரண்டு வண்டியும் மடங்கிவிடும். அதனால் ஓவர்ரன் பிரேக் உள்ளதை எடுத்தேன். டிரெய்லர் முன்னால் தள்ளும்போது கொக்கித் தண்டு உள்ளே நகர்ந்து, அந்தத் தள்ளலே பிரேக்கைப் பிடிக்க வைக்கும். அது இருந்தாலும் இறக்கத்துக்கு முன்பே சின்ன கியருக்கு வந்துவிட வேண்டும். நியூட்ரலில் விடவே கூடாது. டிராக்டரின் இடது, வலது பிரேக் பெடல்களைக் கொண்டி போட்டு இணைத்த பிறகுதான் ரோட்டில் ஏற வேண்டும். ஒரு பக்கம் மட்டும் பிடித்தால் அந்த இடத்திலேயே வண்டி திரும்பிவிடும். கொக்கியில் செருகும் பின் கழன்று வராமல் பூட்டுக் கம்பி, கூடவே ஒரு பாதுகாப்புச் சங்கிலி, இரண்டும் அவசியம்.

பதிவு வேலை மார்த்தாண்டத்தில், டிஎன் 75 நம்பரில் முடிந்தது. பேப்பர் சரியாக இருந்ததால் சிக்கல் எதுவும் வரவில்லை. டிரெய்லரின் சொந்த நம்பரைப் பக்கவாட்டிலும், இழுக்கும் டிராக்டரின் நம்பரைப் பின்னாலும் எழுத வேண்டும். இன்சூரன்ஸ் எடுக்கும்போது பாலிசியில் டிரெய்லரும் தனியாகக் குறிப்பிடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஆட்களை ஏற்றக் கூடாது. வெட்டு முடிந்து களைத்து நிற்பவர்களிடம் ஏறாதீர்கள் என்று சொல்வது கஷ்டம்தான். ஆனாலும் நான் ஏற்றுவதில்லை, அவர்களுக்கு ஆட்டோ பிடித்துக் கொடுத்துவிடுகிறேன்.

நமக்குத் தென்மேற்கு, வடகிழக்கு இரண்டு மழையும் உண்டு. தளத்தின் நான்கு மூலையிலும் தண்ணீர் வடிய ஓட்டை போட்டு, அடிப்பக்கம் பிரைமர் அடித்த பிறகுதான் வண்டியை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். சேறு, தண்ணீரில் இறங்கி ஏறினால் சக்கரத்தின் நடுவில் உள்ள ஹப் பேரிங்கில் கிரீஸ் கழுவிப் போகும். மழைக்காலம் முடிந்ததும் சக்கரத்தைக் கழற்றி, பழைய கிரீஸைத் துடைத்துவிட்டுப் புதிதாக நிரப்புகிறேன்.