தண்ணீருக்கு இரண்டு விலை

எங்கள் குளிர்பான ஆலையின் மாதச் செலவுப் பட்டியலில் தண்ணீர் எங்கே இருந்தது என்று கேட்டால், லேபிள் ஒட்டும் பசைக்குக் கீழே. பசைக்குப் பேரம் பேச ஒரு கொள்முதல் அலுவலர் இருந்தார். தண்ணீருக்கு யாரும் இல்லை. இத்தனைக்கும் சர்க்கரை சேர்த்த குளிர்பானத்தில் பத்தில் ஏறக்குறைய ஒன்பது பங்கு தண்ணீர்தான்.

நீர்ப் பயன்பாட்டைக் குறைக்க வேண்டும் என்று நிர்வாகம் முடிவெடுத்தபோது, பம்புகளையும் பாய்லரையும் பார்த்துக்கொண்டிருந்த என் தலையில் அந்தப் பொறுப்பு விழுந்தது. கையில் இருந்தது ஒரே ஓர் எண்: ஒரு லிட்டர் பானம் வெளியே போக எத்தனை லிட்டர் தண்ணீர் உள்ளே வருகிறது என்ற விகிதம். பானத் தொழிலில் எல்லோரும் பார்ப்பது இதைத்தான். ஆனால் இந்த எண்ணுக்கு ஒரு கள்ளத்தனம் உண்டு. வாரம் முழுவதும் ஒரே பானத்தைப் பெரிய பாட்டிலில் ஓட்டினால் விகிதம் அழகாக இறங்கும். நாளுக்கு நான்கு சுவை மாற்றினால் ஏறிவிடும். யாரும் எதையும் சேமிக்காமலே பாராட்டும் கிடைக்கும், திட்டும் கிடைக்கும். அதனால் இதை ஓரமாக வைத்துவிட்டு, தண்ணீரின் வரவு செலவை முதலிலிருந்து எழுதத் தொடங்கினேன்.

நுழைவாயிலில் ஒரு மீட்டர், கழிவுநீர் வெளியேறும் இடத்தில் ஒரு மீட்டர். நடுவில் நடப்பது கடவுளுக்கே வெளிச்சம். பாட்டில் கழுவும் இயந்திரம், சிரப் அறை, நீர்ச் சுத்திகரிப்பு, குளிர்விப்புக் கோபுரம், பாய்லர் என்று கிளைக்குழாய் ஒவ்வொன்றுக்கும் மீட்டர் கேட்டேன்; பாதிக்குத்தான் ஒப்புதல் கிடைத்தது. மீதிக்குக் குழாயின் மேல் கட்டி அளக்கும் அல்ட்ராசோனிக் கருவியை வாடகைக்கு எடுத்தோம். குழாயை வெட்ட வேண்டியதில்லை என்பதால் உற்பத்திப் பிரிவும் சண்டைக்கு வரவில்லை.

எல்லா லைன்களும் பராமரிப்புக்காக நிற்கும் நாளில்தான் உண்மை தெரியும் என்று ஒரு மூத்த ஃபிட்டர் சொன்னார். அப்படி ஒரு நாளில் பிரதான மீட்டரின் முன்னால் போய் நின்றோம். எண்கள் அசையவில்லை. ஆனால் கண்ணாடிக்குள் ஒரு சின்னச் சிவப்புச் சக்கரம் இருக்கிறதே, அது நிதானமாகச் சுற்றிக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு வால்வாக மூடிப் பார்த்தோம். மேல்நிலைத் தொட்டி ஒன்றின் மிதவை வால்வு தேய்ந்துபோயிருந்தது. நிரம்பி வழியும் நீர், வழிகுழாய் வழியாக நேரே நிலத்தடி வடிகாலுக்குப் போய்க்கொண்டிருந்தது. தரை நனையாததால் யார் கண்ணிலும் படவில்லை. குழாயைக் கண்ணில் படும்படி வெளியே விட்டிருந்தால் முதல் நாளே யாராவது சத்தம் போட்டிருப்பார்கள். இப்போது எல்லா வழிகுழாய்களையும் நடைபாதை ஓரமாகத் திறந்துவிட்டிருக்கிறோம்.

வரவு செலவு ஓரளவு நேரான பிறகு விலைக்கு வந்தேன். ரசீதில் இருக்கும் விலை, தண்ணீர் வாசலுக்குள் வரும்போது உள்ள விலை. வடிகாலில் விழும்போது அதன் விலை வேறு. இடையில் அதை மேலே ஏற்றியிருக்கிறோம், வடிகட்டியிருக்கிறோம், உப்பு நீக்கியிருக்கிறோம், சூடாக்கியிருக்கிறோம், காஸ்டிக் சோடா கலந்திருக்கிறோம். கடைசியில் அதையே சுத்திகரித்து வெளியேற்றவும் பணம் கட்டுகிறோம். இதில் வெப்பம்தான் பெரிய விழுங்கி. ஒரு கனமீட்டர் நீரை 100 மீட்டர் மேலே ஏற்ற, பம்பின் இழப்பையும் சேர்த்து, அரை கிலோவாட் மணி அளவுக்கு மின்சாரம் போதும். அதே நீரை 25 டிகிரியிலிருந்து 80 டிகிரிக்குச் சூடாக்க ஏறத்தாழ 64 கிலோவாட் மணி வெப்பம் வேண்டும். சவ்வு வழியே உப்பை நீக்கும் ஆர்.ஓ. கதை வேறு: 75 சதவீதம் மீட்கும் அமைப்பில் நான்கு லிட்டர் உள்ளே போனால் மூன்றுதான் தயாரிப்புக்கு வரும். அந்த மூன்றில் ஒன்றைக் கொட்டினால், கொட்டியது ஒரு லிட்டர் என்று எழுதுவது பொய்க்கணக்கு.

இப்படிக் கூட்டிய விலையோடு நிதி மேலாளரிடம் போனேன். அவர் தாளைப் புரட்டிப் பார்த்துவிட்டு ஒரே கேள்வி கேட்டார்: “பத்தில் ஒரு பங்கு தண்ணீரைச் சேமித்தால், கழிவுநீர்ப் பிரிவில் பத்தில் ஓர் ஆளை வேலையை விட்டு அனுப்புவீர்களா?” நியாயமான கேள்வி. சம்பளமும் தேய்மானமும் தண்ணீர் குறைவதால் குறையாது; குறைவது எரிபொருள், மின்சாரம், ரசாயனம், வெளியேற்றக் கட்டணம் ஆகியவைதான். அன்றிலிருந்து இரண்டு விலை வைத்துக்கொண்டோம். உடனே மிச்சமாகும் விலை ஒன்று, முழு அடக்க விலை மற்றொன்று. சின்ன வேலைகளுக்கு முதல் விலையில் கணக்குப் போட வேண்டும். புதிய லைன், புதிய சுத்திகரிப்பு நிலையம் என்று வரும்போது இரண்டாவது விலை. இந்தப் பிரிவினையை நானே செய்திருந்தால் நிதிப் பிரிவு சந்தேகத்தோடுதான் பார்த்திருக்கும். அவர் வாயிலிருந்து வந்ததால் அதன்பின் என் கோப்பு எதுவும் அந்த மேசையில் தூங்கவில்லை.

முதலில் நிறைவேறியது ஒரு சின்ன வேலை. பாட்டில் நிரப்பும் இடத்தில் சிக்கல் வந்தால் கழுவும் இயந்திரத்தின் சங்கிலி நின்றுவிடும். ஆனால் கடைசி அலசலின் பீச்சுக்குழல்கள் நிற்காது. ஏற்கெனவே கழுவிய அதே பாட்டில்களை, நின்ற நிலையிலேயே, குடிக்கத் தகுந்த நீரால் மறுபடி மறுபடி கழுவிக்கொண்டிருக்கும். சங்கிலியை ஓட்டும் மோட்டாரோடு மின்சாரத்தால் திறந்து மூடும் சோலினாய்ட் வால்வு ஒன்றை இணைத்தோம். மோட்டார் நின்றால் தண்ணீரும் நிற்கும். இதற்கு விலைக் கணக்கே தேவைப்படவில்லை, ஒரு முறை அருகில் நின்று பார்த்தவர்கள் எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள்.

உண்மையான இழுபறி தொட்டிகளையும் குழாய்களையும் உள்ளேயே கழுவும் வேலையில்தான். சுவை மாறும்போதெல்லாம் முதலில் நீர், பிறகு சூடான காஸ்டிக், மறுபடி நீர், தேவைப்பட்டால் அமிலம், மறுபடி நீர் என்று போகும். ஒவ்வொரு அலசலும் இத்தனை நிமிடம் என்று கடிகாரத்தில் கட்டிவைத்திருந்தார்கள். அந்த நிமிடங்களை யார் எப்போது முடிவு செய்தார்கள் என்பதற்குக் கோப்பில் பதிவு இல்லை. மூத்த ஆபரேட்டர் ஒருவர், வடியும் நீரில் இரண்டு விரலை நனைத்து உரசிப் பார்த்தார். “வழவழப்பு போய் வெகுநேரம் ஆகிவிட்டது சார், கடிகாரம்தான் இன்னும் கழுவிக்கொண்டிருக்கிறது” என்றார். காஸ்டிக் தோலில் வழுக்கும். கையுறை போடச் சொல்லிக் கடிந்துகொண்டேன், ஆனால் அவர் விரல் சொன்னது சரி.

விரலை ஆதாரமாகக் காட்டித் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவைச் சம்மதிக்க வைக்க முடியாது. திரும்பிவரும் குழாயில் மின்கடத்துத்திறன் மானி ஒன்றைப் பொருத்தினோம். நீரில் காஸ்டிக் இருக்கும்வரை கடத்துத்திறன் எகிறி நிற்கும். சுத்த நீரின் அளவுக்கு அது இறங்கி நிலைத்தால் அலசல் முடிந்தது என்று அர்த்தம். தரக்கட்டுப்பாட்டுத் தலைவி, “ரசாயனம் போய்விட்டது என்று உங்கள் மானி சொல்லும், கிருமி போய்விட்டது என்று சொல்லுமா?” என்று கேட்டார். சொல்லாதுதான். ஆகவே பழைய முறை, புதிய முறை இரண்டையும் மாற்றி மாற்றி ஓட்டி, ஒவ்வொரு முறையும் அலசிய நீரையும் தொட்டிச் சுவரில் எடுத்த பஞ்சு மாதிரியையும் அவர் ஆய்வகத்திலேயே சோதித்தார். எனக்குப் பொறுமை போய்விட்டது, அவருக்குப் போகவில்லை. நுரைக்கும் பழச்சாறு வகை ஒன்றுக்கு மட்டும் பழைய நேரத்தையே வைத்துக்கொண்டு, மற்றவற்றுக்கு மானியை ஏற்றுக்கொண்டார். கூடவே, கடைசி அலசலின் நீரை ஒரு தொட்டியில் பிடித்து அடுத்த கழுவலின் முதல் அலசலுக்குப் பயன்படுத்தலாம் என்ற யோசனையைக் கொடுத்தவரும் அவர்தான்.

காசே செலவில்லாத சேமிப்பு திட்டமிடல் பிரிவிலிருந்து வந்தது. நிறமற்ற, மணம் குறைந்த பானத்தில் தொடங்கி அடர்ந்த நிறமும் மணமும் உள்ளதில் முடித்தால், இடையில் வெறும் நீர் அலசலே பல இடங்களில் போதும். விற்பனைப் பிரிவின் அவசர ஆர்டர்கள் இந்த வரிசையைக் குலைத்துக்கொண்டே இருக்கின்றன என்பது வேறு விஷயம்.

குளிர்விப்புக் கோபுரம் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சுழலும் நீரில் ஒரு பகுதியை ஆவியாக விட்டுத்தான் அது மீதியைக் குளிர்விக்கிறது; அதைத் தடுக்க முடியாது. உப்பு சேராமலிருக்க நாம் திறந்துவிடும் நீரைத்தான் குறைக்க முடியும். சுழலும் நீரின் உப்பை உள்ளே வரும் நீரைப் போல மூன்று மடங்கு வரை அனுமதித்திருந்ததை ஆறு மடங்காக உயர்த்தினால், ஊற்ற வேண்டிய நீர் ஐந்தில் ஒரு பங்கு குறையும். உள்ளே வரும் நீர் கடினமாக இருந்தால் அவ்வளவு தூரம் போகக் கூடாது, குழாயில் படிவு கட்டிவிடும். ஆர்.ஓ. ஒதுக்கும் உப்பு நீரை இந்தக் கோபுரத்தில் ஊற்றலாம் என்று ஆசை காட்டுகிறவர்களிடமும் எச்சரிக்கை தேவை. எங்களிடம் அது கழிப்பறைக்கும் வெளிமுற்றம் கழுவவும் போகிறது.

இத்தனைக்கும் பிறகு ஒரு புகார் வந்தது, கழிவுநீர் நிலையத்திலிருந்து. நீர் குறைந்துவிட்டது, ஆனால் அதில் கரைந்து வரும் சர்க்கரை அப்படியே இருக்கிறது. எனவே ஒரு லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்ற வரம்பைத் தாண்டப் பார்க்கிறது. தண்ணீர் சேமிப்பு பற்றிப் பேசுகிறவர்கள் இதை அநேகமாகச் சொல்வதே இல்லை. தீர்வு, சர்க்கரையையே வடிகாலுக்கு விடாமல் இருப்பது. குழாயில் தங்கும் சிரப்பைக் கழுவித் தள்ளாமல், ரப்பர் உருளை ஒன்றை உள்ளே செலுத்தித் திரும்ப எடுக்கத் தொடங்கினோம். அதில் மிச்சமான சிரப்பின் மதிப்பு, தண்ணீரின் மதிப்பை எளிதாகத் தாண்டியது.

மதிற்சுவருக்கு உள்ளே இவ்வளவு. வெளியே எங்கள் இரண்டு விலையும் செல்லாது. நாங்கள் உறிஞ்சும் அதே நிலத்தடி நீரைத்தான் அக்கம்பக்கத்துக் கிணறுகளும் எடுக்கின்றன. மழைக்காலத்தில் ஒரு லிட்டர் எடுப்பதும் வறண்ட மாதத்தில் எடுப்பதும் ரசீதில் ஒன்றாகத்தான் தெரியும். தண்ணீருக்குப் பொருளாதார மதிப்பு உண்டு என்று நீரையும் சுற்றுச்சூழலையும் பற்றிய 1992 டப்ளின் சர்வதேச மாநாடு அறிவித்தது. அந்த மதிப்பை விலையாக மட்டும் படித்தால் பணமுள்ளவன் எவ்வளவும் எடுக்கலாம் என்று முடிந்துவிடும். அதனால் நீரைப் பொறுப்போடு பயன்படுத்துவதற்கான ‘அலையன்ஸ் ஃபார் வாட்டர் ஸ்டூவர்ட்ஷிப்’ என்ற சர்வதேச அமைப்பின் தரநிலையைக் கையில் எடுத்தோம். 2019-இல் வந்த அதன் இரண்டாம் பதிப்பு, ஆலையின் மீட்டரோடு நிற்காமல் நீர்ப்பிடிப்புப் பகுதியில் யார் யார் அதே நீரை நம்பியிருக்கிறார்கள் என்று பட்டியலிட்டு, அவர்களோடு உட்கார்ந்து பேசச் சொல்கிறது. பேசினோம். எங்கள் விகிதத்தைப் பற்றி ஒருவர்கூடக் கேட்கவில்லை. கிணற்று மட்டம் எவ்வளவு இறங்கினால் பம்பை நிறுத்துவீர்கள் என்று கேட்டார்கள். கண்காணிப்புக் கிணறு ஒன்றின் மட்டத்தை வைத்து எடுக்கும் அளவுக்கு உச்சவரம்பு எழுதினோம். என்னைக் கேட்டால், செய்த எல்லாவற்றிலும் அதுதான் கனமான கையெழுத்து.

சர்க்கரை இன்னும் பாக்கி. அரை லிட்டர் குளிர்பானத்தின் நீர்த்தடம், அதாவது பயிரிலிருந்து பாட்டில்வரை அதற்குச் செலவாகும் மொத்த நீர், சர்க்கரை எந்தப் பயிரிலிருந்து, எங்கிருந்து வருகிறது என்பதைப் பொறுத்து 170 முதல் 310 லிட்டர் வரை இருக்கும் என்று 2011-இல் வெளியான ஓர் ஆய்வு கணக்கிட்டது. அதில் ஏறக்குறைய முழுவதும் ஆலைக்கு வெளியே, பெரும்பாலும் வயலில் செலவாவது. நாங்கள் மானியும் வால்வும் வைத்துப் போராடியது மீதியிருக்கும் சொற்பத்துக்கு. கொள்முதல் பிரிவிடம் சர்க்கரை விலைப்புள்ளிப் படிவத்தில் பாசன முறைக்கு ஒரு பத்தி சேர்க்கச் சொல்லியிருக்கிறேன். சேர்க்கிறோம் என்றார்கள். அதற்கு மதிப்பெண் தருவதா வேண்டாமா என்பதில் பேச்சு நடந்துகொண்டிருக்கிறது.