பைஜியு ஒரு பக்கம், சிவப்பு முத்திரை ஒரு பக்கம்

"சீனாவில் ஆள் தெரிந்தால் போதும், சட்டமெல்லாம் சும்மா" என்று சொல்கிறவர்களில் பலர் குவாங்சோ வணிகக் கண்காட்சிக்கு வந்து, நாலு விருந்து சாப்பிட்டுவிட்டுத் திரும்பியவர்கள். ஃபோஷான், நிங்போ தொழிற்சாலைகளில் சரக்குப் பிடித்துக் கொடுப்பதே என் பிழைப்பு. அவர்கள் சொல்வதில் பாதிதான் உண்மை.

அந்தப் பாதியை மறுக்கவில்லை. முன்பணம் குறைவதும், விடுமுறைக்கு முன் கன்டெய்னர் ஏறுவதும் பழக்கத்தால்தான். ஒரு வால்வு தொழிற்சாலை முதலாளி என்னோடு பைஜியு என்ற சீனச் சாராயம் குடித்து, "பழைய நண்பர்" என்று தோளில் தட்டுவார். ஆனால் சீனப் புத்தாண்டு நெருக்கத்தில் அவருடைய இன்னொரு நண்பருக்குச் சரக்கு அவசரமானது. என் ஆர்டர் பின்னுக்குப் போனது. அந்த நண்பர் என்னைவிடப் பழையவர், அவ்வளவுதான்!

ஒப்பந்தம் கையில் இருந்தது. சீன மொழியில், தாமதத்துக்கு நாள் கணக்கில் அபராதம் போட்டு, வழக்கென்றால் அவர் ஊர் நீதிமன்றம் என்று எழுதியது. உள்ளூர்க்காரருக்கே சாதகமாகத் தீர்ப்பு வராதா என்று கேட்பார்கள். வரலாம். ஆனால் சொத்து அங்கேதான் இருக்கிறது. இந்தியத் தீர்ப்பை அங்கே கொண்டுபோய் வசூலிப்பது குதிரைக்கொம்பு. உள்ளூர்ச் சார்புக்குப் பயப்படுகிறவர்கள் நீதிமன்றத்தை விட்டு நடுவர் மன்றத்துக்குப் போகிறார்கள். வெளிநாட்டு நடுவர் தீர்ப்புகளை ஏற்று அமல்படுத்துவதற்கான நியூயார்க் உடன்படிக்கையில் 1987 முதல் சீனா இருக்கிறது.

கையெழுத்தைவிட நான் உற்றுப் பார்ப்பது ஒப்பந்தத்தில் பதித்த நிறுவனத்தின் சிவப்பு முத்திரையை. நடுவில் நட்சத்திரம், சுற்றிலும் நிறுவனத்தின் சீனப் பெயர். நிறுவனத்தின் தொழில் உரிமத்தில் உள்ள பெயரோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். 2020-இல் டாங்டாங் என்ற இணையப் புத்தக விற்பனை நிறுவனத்தின் இணை நிறுவனர் லீ குவோசிங் பெய்ஜிங் அலுவலகத்துக்குள் புகுந்து 47 முத்திரைகளை அள்ளிப் போனார். எதில் அதிகாரம் இருக்கிறது என்று அவருக்குத் தெரியும்.

தீர்ப்பான பணத்தைக் கட்டாதவர்களின் பெயர்ப் பட்டியலை உச்ச மக்கள் நீதிமன்றம் 2013 முதல் வெளியிடுகிறது. பெயர் ஏறிவிட்டால் விமான டிக்கெட் கிடையாது, அதிவேக ரயிலும் கிடையாது. ஊர் ஊராகச் சுற்றும் முதலாளிக்கு நண்பனின் கோபத்தைவிட இது பெரிய தலைவலி.

அந்த வால்வு தொழிற்சாலை முதலாளி வழக்குவரை போகவிடவில்லை. அபராதத்தை ரொக்கமாகத் தராமல் அடுத்த பில்லில் கழித்தார். மானம் போகக் கூடாதல்லவா. விருந்தும் வைத்தார், போனேன். அடுத்த ஒப்பந்தத்தில் அந்த அபராத விகிதத்தைக் குறைக்கச் சொல்லி அரை நாள் பேரம் பேசினார்.