நோ டயல்டோன்

மூன்று ராத்திரி. விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் போட்ட கம்ப்யூட்டரைப் போன் லைன் வழியாக நெட்டில் சேர்க்க மோடத்தோடு மல்லுக்கட்டினேன். மூன்று ராத்திரியும் அந்த மோடம் என்னிடம் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: 'நோ டயல்டோன்.' ரிசீவரை எடுத்தால் கேட்கும் அந்தச் சத்தம் லைனில் இல்லையாம்.

கம்ப்யூட்டருக்குள் இருந்த பழைய மோடத்தை முதல் நாளே கைகழுவிவிட்டேன். அது வின்மோடம். தான் செய்ய வேண்டிய வேலையை எல்லாம் பிராசஸர் தலையில் கட்டிவிட்டு, விண்டோஸ் டிரைவர் வந்தால்தான் எழுந்திருப்பேன் என்று படுத்துக்கொள்ளும் ரகம். அந்த ரகத்தில் ஒன்று எங்கள் வீட்டில் ஏற்கெனவே காலேஜ் போய்க்கொண்டிருக்கிறது. இன்னொன்று வேண்டாம்.

அதனால் தம்பியிடம் கெஞ்சி, சீரியல் போர்ட்டில் மாட்டும் வெளி மோடத்தை வாங்கி வந்தேன். அந்த போர்ட்டுக்குப் பெயர் விண்டோஸில் காம்1 என்றால் லினக்ஸில் டிடிஒய்எஸ்0. இவர்கள் பூஜ்யத்திலிருந்து எண்ணுகிறவர்கள் என்பது மறந்துபோய் எஸ்1 என்று போட்டதில் ஒரு மணி நேரம் காலி. அப்புறம் 'பர்மிஷன் டினைடு'. என் கம்ப்யூட்டர், என் மேஜை, என் தம்பியின் மோடம், எனக்கே அனுமதி இல்லையாம்! எல்லா அதிகாரமும் உள்ள ரூட்டாக வேஷம் போட்டு, மோடத்தைத் தொட அனுமதி உள்ள டயல்அவுட் குழுவில் என்னை நானே சேர்த்துக்கொண்டு, லாகவுட் செய்து திரும்பி வந்த பிறகுதான் உள்ளே விட்டது. டபிள்யூவிடயல்கான்ஃப் என்கிற புரோகிராம் ஒவ்வொரு போர்ட்டாகத் தட்டிப் பார்த்து மோடத்தைக் கண்டுபிடித்தபோது கல்யாணம் நிச்சயமான மாதிரி இருந்தது.

அதற்குப் பிறகுதான் நோ டயல்டோன்.

ஒயரை மாற்றினேன். சாக்கெட்டை ஊதினேன். "பகல் பூரா அக்காகிட்ட பேசினேன், லைன் நல்லாத்தான் இருக்கு" என்றாள் இவள். பூரா என்றால் பூராதான், அதில் மிகை இல்லை. ஆக, குற்றவாளி லினக்ஸ். மோடத்துக்கு முதலில் அனுப்பும் இனிஷியலைசேஷன் வரியில் ஏடிஎக்ஸ்3 சேர்த்தேன். டயல் டோனுக்குக் காத்திராமல் நம்பரைப் போடு என்று அர்த்தம். போட்டது. லைனைப் பிடித்ததற்கான விளக்கு எரிந்தது. கேரியர் விளக்கு மட்டும் எரியவே இல்லை. இப்போது 'நோ கேரியர்', அதாவது மறுமுனை மோடத்தின் சிக்னல் வரவில்லை. இதைத்தான் முன்னேற்றம் என்று நினைத்து, லினக்ஸின் கருவான கர்னலையே திரும்பக் கம்பைல் பண்ணுகிற அளவுக்குப் போனேன்.

நேற்று ஒன்றரை மணிக்குத் தண்ணீர் குடிக்க எழுந்து ஹால் வழியாகப் போனால், போன் ஸ்டாண்டில் ரிசீவரைக் காணோம். சுருள் ஒயரைப் பிடித்துக்கொண்டே போனேன். அம்மாவின் பழைய துண்டில் நாலு சுற்றுச் சுற்றி, மேலே ஒரு தலையணையும் வைத்து, கைக்குழந்தையைத் தூங்க வைத்த மாதிரி கிடக்கிறது. எடுத்து வைத்தால் அது கத்துமாம், அதற்குத்தான் துண்டு.

ரிசீவரை அதன் இடத்தில் வைத்துவிட்டு ஓடிவந்து டயல் செய்தேன். ஸ்பீக்கரை அடைக்கும் ஏடிஎம்0 போட மறந்துவிட்டேன். தகரத்தைத் தரையில் இழுப்பது போல மோடம் அலறியதில் வீடே எழுந்துவிட்டது. கனெக்ட் ஆகிவிட்டது என்று சந்தோஷப்பட ஒருவரும் தயாராக இல்லை.

"ஏம்மா தினமும் ரிசீவரை எடுத்து வைக்கிறே?"

"பத்து மணிக்கு மேல வர்ற போன் என்னைக்குடா நல்ல சேதி சொல்லியிருக்கு?"

மாமா போன சேதி வந்தது அந்த நேரத்தில்தான். நான் வாயை மூடிக்கொண்டேன். கொஞ்ச நேரம் கழித்து, "நான் நெட்டில் இருக்கும்போது யார் கூப்பிட்டாலும் எங்கேஜ்டுதான்மா வரும்" என்றேன், ஆறுதலுக்கு.

அங்கேதான் தப்புப் பண்ணினேன். இன்றைக்குப் பத்தடிக்க ஐந்து நிமிஷம் இருக்கும்போதே அம்மா வாசற்படியில் வந்து நின்றாள்.

"போட்டுட்டியா?"

"இன்னும் இல்லம்மா."

"போடு. விடியற வரைக்கும் எடுக்காதே."

போன் பில் கட்டுகிறவள் உள்ளே புரண்டு படுக்கும் சத்தம் கேட்டது.