பிங் வந்தது, பேக்கப் போகவில்லை

ராயப்பேட்டையில் ஒரு அச்சகத்தின் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிறேன். ஆவணி முகூர்த்தப் பத்திரிகை வேலை குவிந்து கிடந்த நேரம். காலையில் டிசைனர் தம்பி போன் செய்தான்: "அண்ணே, சர்வர்ல பைல் சேவ் ஆகலண்ணே. இடம் இல்லன்னு வருது."

போய்ப் பார்த்தால் உபுண்டு (லினக்ஸ்) சர்வரின் ரூட் டிஸ்க், அதாவது சிஸ்டமே இருக்கும் டிஸ்க், 100 சதவீதம் நிறைந்திருந்தது. மூன்று நாள் பேக்கப்பும் அதில்தான் கிடந்தது. கரண்ட் போய் வந்த அன்று சர்வர் முதலில் ஆன் ஆகிவிட்டது; பேக்கப் போய்ச் சேர வேண்டிய, மாடியில் இருக்கும் நாஸ் பெட்டி (நெட்வொர்க்கில் இணைந்த சேமிப்புப் பெட்டி) பிறகுதான் வந்தது. அதிலிருக்கும் என்எஃப்எஸ் ஷேர் (நெட்வொர்க் வழியே பகிரும் போல்டர்) மவுன்ட் ஆகவே இல்லை, அதாவது சர்வரில் அதற்கென்று வைத்த போல்டரோடு இணையவே இல்லை. மவுன்ட் ஆகாவிட்டாலும் அந்த போல்டர் அங்கேயே இருக்குமே, பேக்கப் ஸ்கிரிப்ட் அதற்குள் எழுதிக்கொண்டே போயிருக்கிறது. நான் வைத்திருந்த சோதனை பிங் ஒன்றுதான், நெட்வொர்க்கில் 'இருக்கிறாயா' என்று நாஸைக் கேட்கும் கமாண்ட். பெட்டி ஓடுகிறது என்று மட்டும்தான் அது சொல்லும், ஷேரைப் பற்றி ஒன்றும் சொல்லாது.

முதலில், ஒரு போல்டரில் ஏதாவது மவுன்ட் ஆகியிருக்கிறதா என்று சொல்லும் 'மவுன்ட்பாயின்ட்' கமாண்டைச் சேர்த்தேன். அப்புறம் வேண்டுமென்றே நாஸின் லேன் கேபிளைப் பிடுங்கிவிட்டு, ஒரு நிமிடம் கழித்து, போல்டரில் இருப்பதைக் காட்டும் 'எல்எஸ்' கமாண்டை அடித்தேன். டெர்மினல் அப்படியே நின்றுவிட்டது. கண்ட்ரோல் சி எத்தனை முறை அழுத்தினாலும் அசையவில்லை. என்எஃப்எஸ் வழக்கமாக 'ஹார்ட்' முறையில்தான் மவுன்ட் ஆகும். நாஸ் திரும்பி வரும்வரை விடாமல் கேட்டுக்கொண்டே இருக்கும். கொஞ்ச நேரத்தில் கைவிட்டுவிடும் 'சாஃப்ட்' முறைக்கு மாற்றலாம், ஆனால் பாதியில் எழுத்து நின்றால் பைல் கெடும். பேக்கப்புக்கு அது வேண்டவே வேண்டாம்.

அதனால் ஒவ்வொரு சோதனையையும், நேரம் தாண்டினால் நிறுத்தச் சொல்லும் 'டைம்அவுட்' கமாண்டுக்குள் 5 விநாடி வைத்து ஓட்டினேன். அதுவும் சும்மா போட்டால் போதாது. அது வழக்கமாக அனுப்பும் டெர்ம் சிக்னலை ('முடித்துக்கொள்' என்ற கோரிக்கை), காத்திருக்கும் என்எஃப்எஸ் வேலை கண்டுகொள்ளாது. லினக்ஸ் கெர்னல் 2.6.25க்குப் பிறகு கட்டாயமாக நிறுத்தும் கில் சிக்னல் மட்டும்தான் அதை நிறுத்தும். அதைத் தனியாகக் குறிப்பிட வேண்டும்.

படித்துப் பார்ப்பதையும் நம்ப வேண்டாம், கேஷிலிருந்து (சர்வர் முன்பே எடுத்து வைத்த நகலிலிருந்து) பதில் வரலாம். ஒரு சின்ன பைலை எழுதிப் பார்ப்பதுதான் சரி. ரூட்டாக (சர்வரின் அட்மின் யூசராக) எழுதினேன், பர்மிஷன் இல்லை என்றது. 'ரூட் ஸ்குவாஷ்' என்ற அமைப்பு நாஸில் இருந்தால் ரூட்டை நாஸ் பெயரில்லாத ஆளாகத்தான் நடத்தும். பேக்கப் எந்த யூசரில் ஓடுகிறதோ, சோதனையும் அதே யூசரில் ஓட வேண்டும்.

ஷேரை மவுன்ட் செய்யும் முன்பே உள்ளே விழுந்த பேக்கப்பை நகர்த்திவிடுங்கள். நான் அவசரத்தில் மவுன்ட் செய்துவிட்டேன். பைல்கள் அடியில் மறைந்துவிட்டன, டிஸ்க்கோ நிறைந்தே இருந்தது. அன்மவுன்ட் செய்த பிறகுதான் கண்ணில் பட்டன.