புல் முளைத்துவிட்டால் போதுமா?

நெய்வேலிப் பக்கம் பேருந்தில் போகும்போது தூரத்தில் மலை மாதிரி தெரிவது மலை இல்லை, பழுப்பு நிலக்கரிக்கு மேலே இருந்த மண்ணை வெட்டிக் கொட்டிய மேடு. மழை விட்டதும் அதன் சரிவைக் கிட்டத்தில் பாருங்கள்: உச்சியில் விரல் அகலத்தில் தொடங்கும் கோடுகள் கீழே வரவர ஆள் இறங்கும் பள்ளமாகிவிடும். அந்தச் சேறு ஓடைகள் வழியாக வந்துதான் வாலாஜா ஏரி தூர்ந்துபோனது.

சரி, மேட்டைச் சமன் செய்து புல் வைத்துவிட்டால் தீர்ந்துவிடுமா? தீராது.

அமெரிக்காவில் 1977இல் ஒரு சட்டம் வந்தது, திறந்தவெளிச் சுரங்கம் தோண்டியவர்கள் நிலத்தை ஏறக்குறைய பழைய வடிவத்துக்குக் கொண்டுவர வேண்டும் என்று. சரிவு சரிந்துவிடக் கூடாதே என்று புல்டோசரை மேலும் கீழும் ஓட்டி மண்ணை இறுக்கிப் புல் விதைத்தார்கள். மேரிலாந்தின் மேற்கு மலைப்பகுதியில் அப்படிச் சீரமைத்த, ஓர் ஓடைக்குத் தண்ணீர் வடியும் நிலப்பரப்பையும் காடாகவே இருக்கும் இன்னொன்றையும் ஒப்பிட்டு 2006இல் ஓர் ஆய்வு வெளியானது. மழையின்போது சீரமைத்த நிலத்திலிருந்து காட்டைப்போல 3 மடங்கு தண்ணீர் ஓடியிருக்கிறது, உச்சக்கட்டத்தில் மணிக்கு ஓடிய அளவு 2 மடங்கு. காட்டு மண் மணிக்கு 30 செ.மீ. உறிஞ்ச, இது 1 செ.மீ. கூட உறிஞ்சவில்லை.

நெல் அடிக்கும் களத்தை நினைத்துக்கொள்ளுங்கள். சாணி மெழுகி இறுக்கிய களத்தில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றினால் அப்படியே ஓடிவிடும், பக்கத்தில் உழுத வயலில் ஊற்றினால் இருந்த இடம் தெரியாது. ரெண்டும் ஒரே ஊர் மண்தான்.

அப்புறம் அங்கேயே வழியை மாற்றினார்கள். மேல் 4 அடி மண்ணை இறுக்காமல் பொலபொலவென்று கொட்டி, வண்டியை அதிகம் ஏற்றாமல், உள்ளூர் மரங்களை நடுகிறார்கள். வேர் இறங்குகிறது, அதோடு தண்ணீரும் இறங்குகிறது.

2015 நவம்பரில் நெய்வேலியில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் கொட்டியது. அப்படிப்பட்ட மழையை எந்த மண்ணும் முழுசாகக் குடிக்காதுதான், ஆனால் கீழே குறிஞ்சிப்பாடி வயல்களுக்கு வெள்ளம் ஒரு மணி நேரம் தாமதமாக வந்து சேர்ந்தால்கூட அது பெரிய விஷயம். அதனால் சுரங்க நிறுவனம் இத்தனை லட்சம் மரக்கன்று என்ற கணக்கோடு நிறுத்தாமல், மேட்டில் பத்து இடத்தில் இரும்பு வளையம் அடித்து, தண்ணீர் ஊற்றி, எவ்வளவு நேரத்தில் இறங்குகிறது என்று அளந்து, அந்தக் கணக்கையும் ஊர்க்காரர்களுக்குக் காட்டட்டும்.