மாமியார்கிட்ட சொன்னது

வீட்டு வன்முறைக்கு ஆளான பொம்பளைங்களுக்கு உதவப் போற உத்தியோகத்தருங்களுக்கு ஹட்டன்ல நடந்த ட்ரெய்னிங்ல, ரகசியம் காக்கிறத பத்தி பேசிக்கிட்டு இருந்தோம். புருஷன் வீட்டு ஆளுங்க காதுக்கு ஒரு வார்த்தை போகக்கூடாது, தனியா வச்சு கேக்கணும், சொல்றத நம்பணும், முடிவு அவளோடதுன்னு நான் எப்பவும் சொல்றதுதான். அப்பதான் ஒரு தங்கச்சி எழும்பி, "மிஸ், நான் மாமியார்கிட்ட சொல்லிட்டேன், தப்பா?"ன்னு கேட்டுச்சு.

அந்தத் தங்கச்சி வேலையா போற தேயிலைத் தோட்டத்துல ஒரு அக்காவுக்கு குரல் கம்மியிருந்திச்சாம், மலையில குளிருக்கு யாருக்கும் வர்ற தடிமன்னுதான் முதல்ல நினைச்சிருக்கு. சோறு முழுங்க முடியலைன்னு சொன்ன பிறகுதான் கேட்டிருக்கு, புருஷன் கழுத்த நெரிச்சிருக்கான். பொலிஸ் வேணாம், ஆஸ்பத்திரி வேணாம், யாருக்கும் சொல்லாதீங்கன்னு அந்த அக்கா கையப் புடிச்சு கேட்டிருக்காங்க. தங்கச்சி சரின்னுட்டு வெளிய வந்து, மனசு கேக்காம, அதே லயத்துல, அதான் தோட்டத்து வரிசை வீட்டுல, ரெண்டு காம்பரா தள்ளியிருக்கிற மாமியார்கிட்ட போய் சொல்லியிருக்கு. அன்னைக்கு ராத்திரியே அந்தம்மா பாயத் தூக்கிட்டு மகன் வீட்டுக்கு வந்துட்டாங்க. அதுக்குப் பிறகு அவன் கை நீட்டல. ஆனா அந்த அக்கா இப்ப இந்தத் தங்கச்சியோட பேசுறதில்ல.

"தப்புதான்மா"ன்னு நான் சொன்னேன். வேற என்ன சொல்ல? எத்தனையோ மாமியாருங்க மகன் பக்கம்தானே நிப்பாங்க, அவ வெளிய சொன்னது தெரிஞ்சா அடி கூடத்தான் செய்யும், அந்தம்மா நல்லவங்களா இருந்தது அதிர்ஷ்டம். இருபது பேர் இருக்கிற இடத்துல சரின்னு சொன்னா நாளைக்கு இருபது பேரும் மாமியாருங்க வாசல்ல போய் நிப்பாங்க.

ஆனா கழுத்து நெரிச்ச விஷயத்துல எவ்வளவு ஆபத்து இருக்குன்னு சொல்லிக் குடுத்ததும் நான்தானே. வெளிய ஒரு அடையாளமும் இல்லாம இருக்கலாம், குரல் மாறும், முழுங்க கஷ்டமா இருக்கும், பிறகு உள்ள வீங்கி மூச்சு அடைக்கலாம், ஒருக்கா நெரிச்சவன் பிறகு கொன்னே போடுற வாய்ப்பு பல மடங்கு கூடுதல், அதனால உடனே டாக்டர்கிட்ட கூட்டிப் போகணும்னு. அதையும் சொல்லிட்டு, அவ வேணாம்னா விட்டுருங்கன்னும் சொன்னா, அந்தப் புள்ள எதப் புடிச்சுக்கும்?

இலங்கையில 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் இருக்கு. அவளே நீதவான் கோட்டுக்குப் போகலாம், அவளுக்காக பொலிஸும் போகலாம், முதல்ல 14 நாளைக்கு இடைக்காலக் கட்டளை, பிறகு 12 மாசம் வரைக்கும் பாதுகாப்புக் கட்டளை, அவன் வீட்டுக்குள்ள வரக்கூடாதுன்னுகூட போடலாம். நல்ல சட்டம்தான், நான் நம்பித்தான் படிச்சுக் குடுக்கிறேன். ஆனா லயத்துல ஒரு பக்கச் சுவருக்கு அந்தப் பக்கம் அவன் அண்ணன், முன்னுக்கு ஒரே வாசல், தண்ணி புடிக்கிற பீலிக்கு எல்லாரும் ஒரே வழி. அந்த வீடும் தோட்டத்து வீடு. கோட்டுக்குப் போற நாள்ல வேலைக்குப் பேர் விழாது, சம்பளம் இல்ல, ஸ்டேஷன்ல சிங்களத்துல என்ட்ரி போட்டா என்ன எழுதினாங்கன்னு அவளுக்குத் தெரியாது.

2019ல தொகைமதிப்பு திணைக்களம் செஞ்ச ஆய்வுல, துணையோட வாழ்ந்த பொம்பளைங்கள்ல அஞ்சுல ஒருத்தி உடல் இல்லன்னா பாலியல் வன்முறைய அனுபவிச்சிருக்கான்னு வந்திச்சு. அந்த ட்ரெய்னிங் ஹோல்ல இருந்தவங்கள்லயும் சில பேருக்கு நடந்திருக்கும்னு தெரிஞ்சேதான் நான் பேசுறேன், நான் தப்புன்னு சொன்னப்ப அவங்க என்ன நினைச்சாங்களோ.

சில நேரம் நினைக்கிறேன், அந்தத் தங்கச்சி முதல்ல அந்த அக்காகிட்டயே "உங்க மாமியார் எப்படி, அவங்ககிட்ட சொல்லலாமா"ன்னு கேட்டிருந்தா ரெண்டும் கிடைச்சிருக்கும், அடியும் நின்னிருக்கும், நம்பிக்கையும் போயிருக்காது. பிறகு தோணும், கேட்டிருந்தா அந்த அக்கா வேணாம்னுதானே சொல்லியிருப்பாங்க. அப்ப யாரு பாயத் தூக்கிட்டு வந்திருப்பா?

அந்தம்மாவுக்கு கொழும்புல ஒரு மக இருக்காங்களாம், தீபாவளி முடிய அங்க போறாங்களாம். அவங்க போன பிறகு, பொம்பளைங்க உதவி கேட்டு எடுக்கிற 1938 டெலிபோன் நம்பர் இருக்கு, அரச ஆஸ்பத்திரியில வன்முறைக்கு ஆளானவங்களுக்கு உதவுற நட்பு நிலையம் இருக்கு. ஆனா அந்த அக்கா வாயத் திறக்கிறதுக்கு இருந்த ஒரே ஆள் இந்தத் தங்கச்சிதான், அதுகூடத்தான் இப்ப பேச்சில்ல. வேற ஒரு உத்தியோகத்தர அனுப்பலாமான்னு கேட்டிருக்கேன், இன்னும் பதில் வரல.