ஆஸ்கர் மீன்களைப் பெல்லட் தீனிக்குப் பழக்கிய அனுபவம்

சென்னைக் கொளத்தூரின் வண்ணமீன் கடையில், தொட்டியில் வளர்க்க விரலளவுக் குஞ்சுகளாக வாங்கி வந்த இரண்டு டைகர் ஆஸ்கர் மீன்களும் இன்று முக்கால் அடியைத் தாண்டி வளர்ந்திருக்கின்றன. வேட்டையாடும் மீனுக்கு எந்தத் தீனி ஏற்றது என்பதில் நான் செய்து பார்த்தவற்றையும், அவற்றில் நிலைத்தவற்றையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

மீன்களை வாங்கிய அன்றே கடைக்காரர், "உயிரோட போட்டாத்தான் தம்பி கலர் ஏறும்" என்று சொல்லி, ஒரு பையில் சிறு தங்கமீன் குஞ்சுகளையும் சேர்த்துக் கொடுத்தார். ஆஸ்கர்கள் அவற்றைத் துரத்திப் பிடித்து விழுங்குவதைப் பார்க்க விறுவிறுப்பாகத்தான் இருந்தது. ஆனால் அப்படி வந்த குஞ்சுகளோடு வெள்ளைப்புள்ளி நோயும் தொட்டிக்குள் நுழைந்து, அதைத் தீர்க்கப் பல நாட்கள் தண்ணீரின் வெப்பத்தை உயர்த்தி வைத்து மருந்து ஊற்ற வேண்டியதாயிற்று. நெருக்கமாக அடைத்து, அரைப்பட்டினியாக வைத்து விற்கப்படும் தீனி மீன்களில் ஒட்டுண்ணிகள் இருப்பது அரிதல்ல.

உயிர் மீனைத் தவிர்ப்பதற்கு நோயைவிட ஆழமான இன்னொரு காரணமும் உண்டு. தங்கமீனும் சாதாக் கெண்டையும் தம் உடலில் தயமினேஸ் என்னும் நொதியைக் கொண்டவை. அது வைட்டமின் பி1 சத்தைச் சிதைத்துவிடும். அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் 1930களில், பண்ணையில் வளர்த்த நரிகளுக்குப் வேகவைக்காத கெண்டையைத் தீனியாகக் கொடுத்தபோது அவை கால் இழுத்துக்கொண்டு இறந்ததை ஆராய்ந்த பிறகுதான் இந்த உண்மை வெளிச்சத்துக்கு வந்தது. இந்த நொதியை உறைநிலை அழிப்பதில்லை, வேகவைத்தால்தான் செயலிழக்கும். நெத்திலி வகைகளிலும் சிலவற்றில் இது இருப்பதால், மலிவாகக் கிடைக்கிறதே என்று தினமும் பச்சையாகப் போடுவது நல்லதன்று.

கோழி ஈரலும் மாட்டு இதயமும் கொடுத்து வளர்ப்பவர்களும் நம்மிடையே உண்டு. நான் அந்த வழிக்குப் போகவில்லை. மாடு போன்ற நிலத்து விலங்குகளின் கொழுப்பு தொட்டித் தண்ணீரின் வெப்பத்தில் பெரும்பாலும் கெட்டியாகவே இருக்கும். நாளடைவில் மீனின் ஈரலில் கொழுப்பு படிவதற்கு அது வழி வகுக்கும். அமேசான் ஆற்றுப் படுகையில் வாழும் ஆஸ்கர் சிறு மீன்களோடு பூச்சிகளையும், இறால், நண்டு போன்ற ஓட்டு உயிர்களையும் தின்கிறது என்பதை மனத்தில் வைத்தே தீனியைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

பெல்லட் என்னும் உருண்டைத் தீனியை வாங்கும்போது உறையின் பின்புறத்தைத்தான் முதலில் படிக்கிறேன். மூலப்பொருள் வரிசையில் மீன் தூளோ, கிரில் என்னும் இறால் போன்ற சிறு கடல் உயிரோ முதலில் இருக்க வேண்டும். கோதுமையோ சோயாவோ முதலில் வந்தால் அந்தப் பொட்டலத்தைத் திரும்ப வைத்துவிடுவேன். புரதம் 40 முதல் 45 விழுக்காடு வரை இருந்தால் போதுமானது. வைட்டமின் சி சேர்க்கப்பட்டிருக்கிறதா என்றும் பார்க்கிறேன்; பெரும்பாலான மீன்களால் அதைத் தம் உடலில் தாமே உருவாக்கிக்கொள்ள முடியாது, தீனியிலும் அது காற்றுப் பட்டுக் குறைந்துகொண்டே போகும். அதனால்தான், விலை கூடினாலும் சிறிய பொட்டலமாக, தயாரிப்புத் தேதி பார்த்து வாங்குகிறேன். பெரிய மூட்டையிலிருந்து பிரித்துத் தேதியில்லாப் பையில் கட்டி விற்கும் தீனியைத் தொடுவதில்லை; சென்னையின் ஈரக்காற்றில் அதில் பூஞ்சை பிடிக்க அதிக நாள் ஆகாது.

உயிர் மீனுக்குப் பழகிய ஆஸ்கர், பெல்லட்டை வாயில் வாங்கி உடனே துப்பிவிடும். நன்கு வளர்ந்த, நலமாக உள்ள மீனுக்குச் சில நாள் பட்டினி தீங்கு செய்யாது என்பதால், முதலில் தீனியை நிறுத்தினேன். பிறகு ஓட்டோடு இலேசாக வேகவைத்த இறாலைத் துண்டு துண்டாகப் போட்டேன்; அடுத்தடுத்த நாட்களில், இறால் வெந்த தண்ணீரில் சற்று நேரம் ஊறிய பெல்லட்டை அந்தத் துண்டுகளுக்கிடையே கலந்தேன். இரண்டில் பெரியது துணிந்து ஒன்றை விழுங்கியதும், மற்றது போட்டிக்கு வந்து தானும் பிடுங்கித் தின்றது. தனியாக ஒரே மீனை வைத்திருப்பவர்களுக்கு இந்த மாற்றம் இன்னும் மெதுவாகவே நடக்கும் என்று நினைக்கிறேன்.

பெல்லட்டின் அளவும் கவனிக்க வேண்டியது. ஆஸ்கர் தன் தொண்டைப் பற்களால் தீனியை அரைக்கும்போது, செவுள் மூடிகளின் விளிம்பிலிருந்து பழுப்பு நிறத் தூள் புகைபோல வெளியேறுவதைக் கண்ணாடிக்கு அருகில் நின்றால் தெளிவாகப் பார்க்கலாம். பெரிய உருண்டைகளைக் கொடுத்தபோது இந்தத் தூள் மிகுந்து ஃபில்டர் பஞ்சு விரைவில் அடைத்துக்கொண்டது. கடிக்காமலே விழுங்கக்கூடிய சிறிய அளவுக்கு மாறிய பிறகு தண்ணீரின் கலங்கல் பெரிதும் குறைந்தது. ஆனாலும் புரதம் மிகுந்த தீனியால், மீனுக்கு நஞ்சான அமோனியா தண்ணீரில் கூடத்தான் செய்யும் என்பதால், வாரந்தோறும் மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றுவதை விடவில்லை.

இப்போது காலையில் ஒரு வேளை பெல்லட், வாரத்தில் இரு நாள் அதற்குப் பதிலாக ஓட்டோடு இறால் அல்லது வேகவைத்த ஜிலேபி மீனின் சதை, ஒரு நாள் முழுப் பட்டினி என்று முறை வைத்திருக்கிறேன். கடைக்காரர் சொன்ன நிறம், உயிர் மீன் எதுவும் இல்லாமலேயே வந்திருக்கிறது. இறால் ஓட்டிலும் கிரிலிலும் உள்ள அஸ்டாசாந்தின் என்னும் நிறமிதான் அந்த ஆரஞ்சுத் திட்டுகளுக்கு வலுவூட்டுகிறது. அடுத்ததாக, பூச்சிமருந்து படாத வெட்டுக்கிளிகளைத் தீனியாகக் கொடுப்பதற்காக, தனிப் பெட்டியில் அவற்றை வளர்க்கத் தொடங்கியிருக்கிறேன்.